எண்ணெயை நிறுத்தும் எஃகுக் குண்டு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வட்டாரத்துச் சாலைகளில் சிறிது நேரம் நின்றால் பெட்ரோலோ டீசலோ ஏற்றிய டாங்கர் லாரி ஒன்றாவது நம்மைக் கடந்து செல்லும். அடுத்த முறை அதன் புகைக்குழாயைக் கவனியுங்கள். மற்ற லாரிகளில் பக்கவாட்டிலோ பின்பக்கமோ இருக்கும் அந்தக் குழாய், டாங்கரில் முன்பக்கத்திற்கு, ஓட்டுநர் அறைக்கு அடியில் கொண்டுவரப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வெளிவரும் தீப்பொறியைப் பிடித்து நிறுத்தும் தடுப்பான் ஒன்றும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். பாட்டரிக்கு அருகே, வண்டியின் மின்சாரம் முழுவதையும் ஒரே அசைவில் துண்டிக்கும் கனமான சுவிட்சு இருக்கும். இவற்றையெல்லாம் லாரிக்காரர் தம் விருப்பத்தால் வைத்துக்கொள்ளவில்லை. 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள் இவற்றைக் கேட்கின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இந்த விதிகளைக் கவனித்துக்கொள்கிறது.

ஆயிரக்கணக்கான லிட்டர் ஏற்றிச் செல்லும் டாங்கருக்கு இத்தனை காவல் இருக்கிறது. அதே சாலையில் அதை உரசிக்கொண்டு ஓடும் சிறிய பெட்ரோல் வண்டிக்கு என்ன காவல்? அதன் வயிற்றிலும் நாற்பது, ஐம்பது லிட்டர் இருக்கிறதே!

அதற்கும் ஒரு காவலாளி உண்டு. பல வண்டிகளில் அது கோலிக்குண்டு அளவுள்ள ஓர் எஃகுக் குண்டுதான். அந்தக் குண்டையும், அதன் வேலையையும், வேலையிலிருந்து அது நீக்கப்பட்ட ஒரு வண்டியில் அதை மறுபடி எப்படி அமர்த்தினோம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பிக்கப்பும் இரண்டு கம்பிகளும்

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் செய்யப்பட்டு, ஏதோ ஒரு திட்டத்திற்காக இங்கே வந்து, ஏலத்தில் போய், இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்த வண்டி. காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டிகள் ஏற்றுவதற்கு அதை வைத்திருக்கிறார். முன் இருக்கையின் கால்வைப்புப் பக்கத்தில் ஏதோ வயர் தொங்குகிறது, அது என்னவென்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தார். இயற்பியல் வாத்தியார் என்றால் வயர் சங்கதியெல்லாம் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை!

பக்கத்துப் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு கம்பிகள் முறுக்கப்பட்டு, கறுப்பு டேப்பு சுற்றப்பட்டிருந்தன. டேப்பை உரித்தால் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. கடல் காற்று அங்கே எட்டாத இடம் எது? கம்பிகளுக்கு அருகே இரண்டு திருகுத் துளைகள் வெறுமையாக இருந்தன. அங்கே ஏதோ ஒரு கருவி இருந்து கழற்றப்பட்டிருக்கிறது என்பது தெளிவு.

வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கைக் கேட்டோம். அவர் ஒளிக்காமல் சொன்னார்: “அது பெட்ரோல் சுவிட்சு சார். வண்டி அங்கங்கே நின்னுபோச்சு. எனக்கு முந்தி பார்த்தவரு அதைத் தூக்கிட்டு நேரா கொடுத்துட்டாரு. அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல.”

“அண்ணே, அது எதுக்கு வச்சிருந்தாங்கன்னு தெரியுமா?” என்றேன்.

“ஆக்ஸிடெண்டு ஆனா பெட்ரோல நிறுத்தும்னு சொல்வாங்க. நம்ம வண்டி எங்க சார் அவ்வளவு வேகம் போகுது, இந்த டிராபிக்ல!”

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கணக்கு வேண்டும்.

பம்பு ஏன் ஓடிக்கொண்டே இருக்கும்?

பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் பெட்ரோலை டாங்கிலிருந்து இழுத்து வரும் பம்பை எஞ்சினே இயக்கியது. எஞ்சினின் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தட்டும். நெம்புகோல் ஒரு சவ்வை மேலும் கீழும் இழுக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். அழுத்தமும் மிகக் குறைவு. ஸ்கூட்டர்க்காரருக்கோ பெட்ரோல் தானாகவே இறங்கியது. வண்டியை நிறுத்தியதும் குனிந்து திருகை மூடுவது ஒரு பழக்கமாக இருந்தது.

எரிபொருளைத் தெளிக்கும் எஞ்சின்கள் வந்தபின் நிலைமை மாறியது. இவற்றில் பெட்ரோல் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு அளவிலான அழுத்தத்தோடு நுண்துளைகளுக்கு வந்து சேர வேண்டும். அதற்காக டாங்கின் உள்ளேயே ஒரு மின்சாரப் பம்பை வைத்தார்கள். இந்தப் பம்பு மணிக்கு ஏறத்தாழ 80 லிட்டர் தள்ளும் என்று கொள்வோம். சும்மா நின்று ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் குடிக்கும். மீதி 79 லிட்டர் எங்கே போகிறது? பழைய வகை வண்டிகளில் அழுத்தச் சீராக்கி அதை இன்னொரு குழாய் வழியாக டாங்குக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதாவது வண்டியின் அடிவயிற்றில் பெட்ரோல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்பொழுது ஒரு மோதல் நேர்ந்து குழாய் உடைகிறது என்று எண்ணுங்கள். மணிக்கு 80 லிட்டர் என்பது நிமிடத்திற்கு 1⅓ லிட்டர். அவ்வளவும் சாலையிலும், சூடேறிய புகைக்குழாயின் மேலும் கொட்டும்.

“எஞ்சின் நின்றுவிட்டால் பம்பையும் நிறுத்த வண்டியின் கணிப்பொறிக்குத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தெரியும். எஞ்சின் சுழல்வதற்கான துடிப்புகள் வராமல் போனால் ஓரிரண்டு விநாடிகளில் பம்பை நிறுத்தும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. ஆனால் எஞ்சின் நிற்க வேண்டுமே! பின்பக்கம் இடிபட்ட வண்டியில் எஞ்சின் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. அதிலும் திரும்பி வரும் குழாய் உடைந்தால் அது வெகு ஆபத்து. எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தம் சீராக்கிக்கு முன்பே கிடைத்துவிடுவதால், எஞ்சின் ஒன்றுமே நடவாதது போல ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 79 லிட்டர் வெளியே கொட்டுவது அதற்குத் தெரியவே தெரியாது.

பெட்ரோலின் குணத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு பொறி காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை பெட்ரோலுக்குச் சுழிக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைகிறது. சென்னை மார்கழியிலும் அது எப்பொழுதும் பற்றத் தயார்தான். அதன் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது; மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 விழுக்காடு கலந்தாலே எரியக் கூடிய கலவை ஆகிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 180 லிட்டர் ஆவி. அது காற்றோடு கலந்து உண்டாக்கக்கூடிய எரிகலவையோ சுமார் 13 கன மீட்டர். ஒரு சிறு அறை நிறைய! சாலையில் கொட்டியது அனைத்தும் உடனே ஆவியாவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் நிமிடத்திற்கு ஓர் அறை என்ற வேகத்தை நினைத்தால் போதும்.

பூமிக்கடியில் கசிந்தாலும் இதே பெட்ரோல் எளிதில் விடுவதில்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து ஆழ்குழாய்க் கிணறுகளில் எண்ணெய் வந்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வேறு கதை.

இத்தகைய கசிவுக்கு அமெரிக்கா 1968 முதலே ஓர் அளவு வைத்திருக்கிறது. சோதனை மோதலில் வண்டி ஓய்ந்து நிற்கும் வரையில் 28 கிராமுக்கு மேலும், அடுத்த 5 நிமிடங்களில் 142 கிராமுக்கு மேலும் எரிபொருள் சிந்தக்கூடாது என்பது இன்றைய அளவு. நம் நாட்டில் புதிய கார்களுக்கு 2017 அக்டோபர் முதல் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல் சோதனை வந்தது. அதில் மோதலுக்குப் பின் தொடரும் கசிவு நிமிடத்திற்கு 30 கிராமைத் தாண்டக்கூடாது. நாம் கணக்கிட்ட நிமிடத்திற்கு 1⅓ லிட்டர் என்பது ஏறக்குறைய 1,000 கிராம். முப்பது எங்கே, ஆயிரம் எங்கே!

குண்டு, கிண்ணம், காந்தம்

இனிக் கருவிக்கு வருவோம். அதற்கு நிலைமச் சுவிட்சு என்று பெயர். அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 1980-களில் டாங்கில் மின்பம்பு வைத்த வண்டிகளில் இதைப் பரவலாகப் பயன்படுத்தியது. நம் சாலைகளில் ஓடிய ஃபோர்டு, ஃபியட் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் இது உண்டு.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். உங்களை யாரும் தள்ளவில்லை. பஸ் வேகம் குறைந்தது, உங்கள் உடல் பழைய வேகத்திலேயே போகப் பார்த்தது, அவ்வளவுதான். நியூட்டனின் முதல் விதி. கம்பியைப் பிடித்த கை உங்களைக் காப்பாற்றியது. நமது சுவிட்சில் நின்றுகொண்டு போகும் பயணி ஓர் எஃகுக் குண்டு. அதைப் பிடித்திருக்கும் கை ஒரு காந்தம்.

புனல் போன்ற ஒரு கிண்ணம். அதன் அடியில் நிலைக்காந்தம். காந்தத்தின் மேல் குண்டு ஒட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும். மேலே, குண்டு உருண்டு ஏறி வந்தால் முட்டும் உயரத்தில் ஒரு தட்டு. தட்டு உயர்ந்தால் மின்தொடுப்பு பிரியும். பம்புக்குப் போகும் மின்சாரம் நிற்கும். பிரிந்த தொடுப்பு தானாகச் சேராது. உச்சியில் உள்ள பொத்தானை ஒருவர் கையால் அமுக்கினால்தான் சேரும்.

காந்தம் எதற்கு, வெறும் கிண்ணம் போதாதா? கிண்ணத்தின் சுவர் கிடைமட்டத்தோடு 45 டிகிரி சாய்ந்திருந்தால், வண்டியின் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்திற்குச் சமமாகும்போதே, அதாவது 1 g-யிலேயே, குண்டு ஏறத் தொடங்கிவிடும். 60 டிகிரி என்றாலும் 1.7 g-தான். கெட்டியாகப் பிரேக் போட்டாலே 0.8 g வந்துவிடுகிறது. இடையில் இருக்கும் இடைவெளி போதாது. 10 g வரை குண்டு அசையாமல் இருக்க வேண்டுமானால் சுவர் 84 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். அது கிண்ணம் அல்ல, கிணறு! ஆகவேதான் காந்தத்தைத் துணைக்கு அழைத்தார்கள்.

குண்டின் குறுக்களவு 16 மி.மீ. என்று கொண்டால் அதன் நிறை சுமார் 17 கிராம். காந்தம் அதை 10 g வரை பிடித்து வைக்க வேண்டுமானால் 170 கிராம் எடையைத் தாங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். ஒன்றை இங்கே கவனியுங்கள். வெறும் கிண்ணத்தில் குண்டின் நிறை கணக்கிலிருந்து அடிபட்டுப் போகும். பெரிய குண்டும் சிறிய குண்டும் ஒரே முடுக்கத்தில்தான் ஏறும். காந்தம் வந்தபின் அப்படியல்ல. குண்டின் நிறையும் காந்தத்தின் வலிமையும் சேர்ந்தே எல்லையை முடிவு செய்கின்றன.

காந்தத்திடம் இன்னொரு நல்ல குணம். அதன் இழுப்பு தூரத்தோடு மளமளவென்று குறையும். ஒட்டியிருக்கும் வரையில் கெட்டியான பிடி. சிறிது விலகியதும் பிடி ஏறத்தாழ விட்டுப்போகும். எனவே குண்டு ‘போகலாமா வேண்டாமா’ என்று தயங்குவதில்லை. ஒன்று இருக்கும், அல்லது போய்விடும். சுவிட்சுக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

பள்ளமா, மோதலா?

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். இந்த வேகத்தில் வரும் வண்டி பிரேக் போட்டு 0.8 g எதிர்முடுக்கத்தில் நின்றால் ஏறத்தாழ 12 மீட்டர் தூரமும் 1.8 விநாடியும் ஆகும். அதே வண்டி ஒரு கெட்டியான சுவரில் மோதி, முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நின்றால்? வேகத்தின் வர்க்கத்தை நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். 193-ஐ 1.2-ஆல் வகுத்தால் 161. அதாவது சுமார் 16 g. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பிரேக்குக்கும் மோதலுக்கும் இருபது மடங்கு வித்தியாசம். சுவிட்சின் எல்லையை 10 g என்று வைத்தால் (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்) இரண்டையும் அது எளிதாகப் பிரித்து அறியும். நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் முன்னால் நிற்கும் வண்டியை இடித்து, 15 செ.மீ. நசுங்கினால் 6 g வரும். குண்டு அசையாது. அது சரியும்கூட, அந்த அளவு இடியில் பெட்ரோல் குழாய் உடைவது அரிது.

நம் சாலைப் பள்ளங்கள்? சக்கரம் பள்ளத்தில் விழும்போதும் தண்டவாளத்தைத் தாண்டும்போதும் அச்சில் பலத்த அதிர்ச்சி உண்டாகும். ஆனால் டயரும் ஸ்பிரிங்கும் அதை விழுங்கிவிட்டு வண்டியின் உடலுக்குச் சிறு பங்கையே அனுப்பும். உடலில் சுத்தியலால் தட்டினால்? அப்பொழுது 30 g கூட வரலாம். ஆனால் ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடிதான் அது நீடிக்கும். அந்த நேரத்தில் குண்டு நகரக்கூடிய தூரம் அரை மி.மீ.யைச் சற்றே தாண்டும். அதற்குள் தகடு எதிர்ப்பக்கம் அதிர்ந்து வந்துவிட, காந்தம் குண்டை மறுபடி பிடித்துக்கொள்ளும். மோதலிலோ 16 g இருபது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளுக்கு மேலும் விடாது தொடர்கிறது. காந்தத்தின் பிடியைக் கழித்தபின்னும் குண்டு ஒரு செ.மீ.க்கு மேல் பயணம் செய்துவிடும். எனவே இந்தக் கருவி அடியின் பலத்தை மட்டுமன்றி, அடி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பார்க்கிறது. ஒரு குண்டும் ஒரு காந்தமும் சேர்ந்து இத்தனை கணக்குப் போடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்படியானால் வண்டி ஏன் நின்றது?

மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. வண்டி அங்கங்கே நின்றது. சுவிட்சைத் தூக்கியதும் சரியாயிற்று. ஆனால் குற்றவாளி குண்டு அல்ல என்பது என் துணிபு. முன்பு கழற்றிய பழைய சுவிட்சு நல்லவேளையாக ஒரு டப்பாவில் கிடந்தது. அதைத் திறந்து பார்த்ததில் குண்டும் காந்தமும் பளிச்சென்று இருந்தன. மின்தொடுப்புகள்தாம் கறுத்து, அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகிக் குழைந்திருந்தது.

இதற்கும் ஒரு சிறு கணக்கு. பம்பு 6 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது என்போம். களிம்பேறிய தொடுப்பின் மின்தடை அரை ஓம் ஆனால், அங்கேயே 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் ஓட வேண்டிய பம்பு 9 வோல்ட்டில் திணறும். ஏற்றத்திலும் வேகத்திலும் எஞ்சின் பசியால் நிற்கும். தொடுப்பில் வீணாகும் 18 வாட்டும் வெப்பமாகிறது. சிறிய பற்றவைக்கும் இரும்பின் சூட்டை ஒரு கடுகளவு இடத்தில் வைத்தது போலத்தான். பிளாஸ்டிக் உருகியது இதனால்தான். கம்பியை நேரே முறுக்கியபோது அந்தத் தடை நீங்கியது, வண்டி ஓடியது. நோய் தொடுப்பில், அறுத்து எறிந்ததோ காவலாளியை. முறுக்கிய கம்பியும் இப்பொழுது களிம்பேறிவிட்டதால் அதே நோய் இன்னும் ஓராண்டில் திரும்பியிருக்கும்.

சில வண்டிகளில் வேறு காரணங்களும் உண்டு. சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து அது ஆடினாலோ, பக்கத்தில் அமர்பவரின் காலணி அதன் மேல் பட்டாலோ வீணாகத் துண்டிக்கும். அதற்கு மருந்து ஒரு திருகாணி.

மறுபடி அமர்த்தியது

புதுப்பேட்டையில் பழைய சுவிட்சு மலிவாகக் கிடைக்கும் என்றார் நண்பர். நான் வேண்டாம் என்றேன். வேறு பாகங்களுக்குப் புதுப்பேட்டை எனக்கும் பிடித்த இடமே. ஆனால் ஒருமுறை மோதிய வண்டியிலிருந்து வந்த தொடுப்பை எப்படி நம்புவது? ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையொன்றில் சொல்லி வைத்து, அதே செருகியுள்ள புதியதாக வரவழைத்தோம். வீட்டு விளக்குச் சுவிட்சையோ, ஆம்பியர் அளவு குறைந்த வேறொன்றையோ அங்கே வைப்பது கழற்றுவதைவிட மோசம்.

முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். பச்சை பூத்த கம்பியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள புதுக் கம்பி சேர்த்து, முனைகளை இடுக்கியால் நசுக்கிப் பிணைத்து, உப்புக்காற்று புகாதபடி சுருங்கு குழாய் போட்டோம். முறுக்கி டேப்பு சுற்றும் வழக்கத்தை நம் ஊர் விட்டொழிக்க வேண்டும். டேப்பின் பசை நம் வெயிலில் இளகி ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது.

பொருத்தும் இடம் முக்கியம். பழைய துளைகளிலேயே, வண்டியின் உடலோடு ஆடாமல் இறுகி, நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்த்து வைத்தால் ஒரு பக்க மோதலுக்கு எளிதாகவும் மறுபக்க மோதலுக்குக் கடினமாகவும் ஆகிவிடும். எஞ்சினின் மேல் ஒருபோதும் கூடாது.

பிறகு சோதனை. சாவியைத் திருப்பினால் டாங்கினுள் பம்பு ஓரிரு விநாடி முனகும். அது கேட்டது. எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்துப் பார்த்ததில் பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. நல்லது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவிட்சைத் திருகிலிருந்து விடுவித்து, கம்பிகளோடு கையில் பிடித்து உள்ளங்கையில் ஓங்கித் தட்டினேன். பொத்தான் மேலே எழுந்தது. சாவியைத் திருப்பினால் பம்பு மௌனம். எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மெக்கானிக் தாமே அதை வாங்கி மூன்று முறை தட்டிப் பார்த்தார். “ரொம்ப சிம்பிளா இருக்கே சார்” என்றார். அவருடைய வேறு வாடிக்கையாளர் ஒருவரின் காரிலும் இதே வயர் முறுக்கப்பட்டிருக்கிறது என்று பிறகு அவராகவே சொன்னார்.

பொத்தான் தானாக ஏன் திரும்புவதில்லை என்பதை உரிமையாளரிடம் விளக்க வேண்டியிருந்தது. மோதி நின்ற வண்டியைக் கிளப்பும் முன் ஒரு மனிதன் இறங்கிக் குனிந்து பார்க்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் ஈரம் இருந்தாலோ வாடை அடித்தாலோ பொத்தானைத் தொடக்கூடாது. சாவியை எடுத்துவிட்டு, எல்லோரும் விலகி நிற்க வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி, சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா?

இந்தச் சுவிட்சால் ஆகாததும் உண்டு. டாங்கே கிழிந்தால் அதை இது தடுக்காது. குழாயில் ஏற்கெனவே உள்ள பெட்ரோல் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

குண்டின் உறவினர்கள்

அதிர்ச்சியை அறிய உருளும் குண்டை நம்பும் யோசனை பழையது. கி.பி. 132-இல் சீனாவின் சாங் ஹெங் அமைத்த நிலநடுக்கக் காட்டியில், பூமி அதிர்ந்தால் ஒரு நாகத்தின் வாயிலிருந்து குண்டு கீழே இருக்கும் தேரையின் வாயில் விழும். நிலநடுக்க நாடுகளில் வீட்டு எரிவாயுக் குழாய்களில் பொருத்தும் அடைப்பான்கள் சிலவற்றிலும், அதிர்ச்சி வந்தால் மேடையிலிருந்து ஒரு குண்டு விழுந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இன்றைய கார்களிலோ காற்றுப்பையை இயக்கும் சிலிக்கான் சில்லே பம்பையும் நிறுத்தச் சொல்கிறது. அந்தச் சில்லினுள்ளும் மெல்லிய சிலிக்கான் வில்லில் தொங்கும் ஒரு நுண்ணிய நிறை இருக்கிறது. எஃகுக் குண்டின் பேரன் என்று சொல்லலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் எரிபொருள் தெளிப்பு பெற்ற மோட்டார் சைக்கிள்களில், வண்டி கீழே சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சாய்வு உணரி இருக்கிறது. அதன் கம்பியையும் முறுக்கி நேரே கொடுக்கும் கைகள் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சைக்கிள் கடையில் ஓர் எஃகு பால்ஸும், கெட்டுப்போன ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தமும் வாங்குங்கள். கெட்டி அட்டையில், சுவர் 45 டிகிரி சாயும்படி ஒரு புனல் செய்து, குண்டை உள்ளே வைத்து மெல்லச் சாயுங்கள். 45 டிகிரி சாய்ந்ததும் குண்டு வெளியேறும். அதுதான் 1 g எதிர்முடுக்கத்திற்குச் சமமான நிலை. இனிப் புனலுக்கு அடியில் காந்தத்தை வைத்து மறுபடி சாயுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் குண்டு விழாமல் போகலாம். நமது பிக்கப் கவிழ்ந்து தலைகீழாகக் கிடந்தால், கவிழும்போது ஏற்பட்ட அடியைக் கணக்கில் கொள்ளாமல், புவியீர்ப்பு மட்டும் குண்டை விடுவிக்குமா என்பதை அந்தப் புனலைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கிட்டுப் பாருங்கள். காந்தத்திற்கும் அட்டைக்கும் இடையே ஒவ்வொரு தாளாகச் செருகிக்கொண்டே போனால், எத்தனையாவது தாளில் பிடி விடுகிறது என்பதும் தெரியும்.